அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவில் இளைஞர்கள் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறார்கள். மழைக்காலத்தில் அதே குழு வீடு வீடாகப் போய் உதவியும் செய்கிறது. தொடங்கும்போது 22 பேர். ஏழு மாதத்தில் ஆறு பேர். கேட்டவர் அந்த ஆறு பேரில் ஒருவர், 26 வயதுப் பெண். "எல்லா வேலையும் என் தலையில்தான் விழுகிறது. மற்றவர்களைப் பழக்கி நடத்துகிற ஆளாக நான் எப்படி மாறுவது? அதற்கு ஏதாவது சான்றிதழ்ப் படிப்பு படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முதலுதவிக்கு மட்டும் முறையான பயிற்சி எடுங்கள். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் சொல்லித் தருகின்றன. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்பதைப் படித்தும் தெரிந்துகொள்ளலாம். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் கை எவ்வளவு சீக்கிரம் சோர்ந்து போகிறது, அடுத்த ஆள் ஏன் பக்கத்திலேயே முட்டி போட்டுத் தயாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்குப் புரியும். மற்றபடி ஆட்களை நடத்துவதற்கென்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்தாலும், உங்கள் தெருவில் அதை யாரும் கேட்கப் போவதில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பின் வருகைப்பதிவு நோட்டு யாரிடம் இருக்கிறது? எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மழைக்காலத்துக்காக எழுதிய நோட்டு? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் உங்கள் பையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அறைச் சாவியும் உங்களிடம்தான் இருக்கும். அந்த 16 பேருக்கும் அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. வந்தார்கள், ஓரமாக நின்றார்கள், நீங்கள் எல்லாவற்றையும் நன்றாகவே செய்து முடித்தீர்கள், அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தன் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஒருவர் எத்தனை நாள் வருவார்?

குற்றம் சொல்லவில்லை. தண்டையார்பேட்டைக்கு வந்து இந்த வேலையில் இறங்கிய முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் சரியான முறையை நான் இளம் வயதிலேயே கண்ணால் பார்த்திருந்தேன்.

என் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் சொல்லித்தர வேண்டும் என்பது திட்டம். மேலே, பயிற்சி கொடுக்கிற கருத்தாளர்கள். அவர்களிடம் பயிற்சி பெற்று வந்தவர்கள் நடுவில். தெருவில் அரிக்கேன் விளக்கை வைத்துப் பாடம் சொன்ன தொண்டர்கள் கீழே. நான் கீழ்வரிசை. மேலே இரண்டு நாள் உட்கார்ந்து பேசியது எங்கள் கைக்கு வரும்போது ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டு, அவர் மூன்றாமவருக்குச் சொல்லும்போது பாதி கொட்டிப் போகும். எந்தப் பயிற்சிக்கும் உள்ள சங்கடம் இது.

ஆனால் ஒன்று மட்டும் கொட்டிப் போகவே இல்லை. அது சைக்கிள். அறிவொளியோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சாயங்காலம் பார்க்கலாம். முந்தின வாரம் கற்றுக்கொண்ட அக்கா, இந்த வாரம் கற்கிற பெண்ணின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். "மிதி, முன்னால பாரு, மிதி" என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவார். கரையின் வளைவு தாண்டியதும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார். குரல் மட்டும் தொடரும். முன்னால் போகிறவளுக்கு அது தெரியாது. இருபது கஜம் தனியாக ஓட்டிய பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். அடுத்த வாரம் அவளே இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்திருப்பாள். அங்கே உரை இல்லை, கையேடு இல்லை. செய்து காட்டு, சேர்ந்து செய், கையை எடு, அடுத்தவருக்குச் சொல்லித்தர அனுப்பு. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வடசென்னையில் இதை எப்படிச் செய்வது என்பதில்தான் விவரம் இருக்கிறது.

முதலில் ஆட்கள். நோட்டீஸ் ஒட்டி ஆள் சேர்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போக வேண்டும். இது நம் பகுதிக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வேர், பெரம்பூரில் வணிகர்களான செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த ஒரு பக்திச் சபையில் இருந்தது. அங்கே சொற்பொழிவு கேட்க வந்த பின்னி மில் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு திரு.வி.க.வும் வாடியாவும் வந்தார்கள், சங்கம் ஆனது. கூட்டம் முதலில், கொடி பிறகு. இன்றைக்கு அந்த இடம் கேரம் கிளப்பாக இருக்கலாம், வியாசர்பாடிக் கால்பந்து மைதானமாக இருக்கலாம், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடமாக இருக்கலாம், சர்ச் இளைஞர் குழுவாகவோ கூழ் ஊற்றுகிற கமிட்டியாகவோ இருக்கலாம். கால்பந்துக் குழுவில் சின்னப் பையன்களுக்குப் பெரிய பையன்கள் பந்து தட்டச் சொல்லிக் கொடுப்பதைப் பாருங்கள். சொல்லித்தரத் தெரிந்தவர்கள் அங்கே தயாராக இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் தெருவிலேயே பழக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவருக்குக் கூட்டம் கூட்டவும், தீர்மான நோட்டு எழுதவும், பணம் கொடுக்காத வீட்டில் முகம் கோணாமல் பேசவும் தெரியும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்தக் குழுக்கள் தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கொடுத்த பயிற்சி சாதாரணமானதல்ல. அதேபோல 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் 20 பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்திய தன்னார்வலர்கள் உங்கள் பகுதியிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய் "அக்கா, எங்க பசங்களுக்கு நீங்க எப்படி நடத்துனீங்கன்னு ஒரு நாள் வந்து காட்டுங்க" என்று கேளுங்கள். வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தால் அவர்களை நிரந்தர ஆட்களாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். வருடத்துக்கு 120 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. வகுப்புச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, புத்தகங்களுக்கு அட்டை போட்டு எண் எழுதுவது, ஒரு மருத்துவ முகாமுக்கு வரிசை பார்ப்பது என்று தொடக்கமும் முடிவும் உள்ள வேலையாகக் கொடுங்கள். அதில் ஒன்றிரண்டு பேர் தானாகத் தங்குவார்கள்.

நேரம். இதில்தான் வெளியிலிருந்து வருகிற நல்ல மனிதர்கள் பலரும் தவறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். காசிமேட்டில் மீன் விற்கிற பெண்ணுக்கு வாரத்திலேயே அதிக வியாபாரம் உள்ள நாள் அதுதான். அவர் வரவில்லை என்றதும் "இந்தப் பகுதி ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தண்ணீர் லாரி வருகிற நேரம், துறைமுக ஷிப்ட் மாறுகிற நேரம், மீன் ஏலம், இதையெல்லாம் கேட்ட பிறகே நாள் குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற இளைஞர்கள் அப்போது கரையில் இருப்பார்கள். வலை பழுது பார்க்கிற வேலை இருக்கும், ஆனாலும் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும். மழைக்காலத்துக்கான பயிற்சியை நான் அப்போதுதான் வைப்பேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், அந்த மாதங்களில் வீட்டில் வரும்படி குறைவு. பயிற்சிக்கு வருகிறவருக்கு டீயும் ஒரு தட்டு டிபனும் இருக்கட்டும்.

இந்த இளைஞர்களைப் பற்றி இன்னொன்று. 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருக்களில் ஓட்டி மக்களைக் கரை சேர்த்தார்கள். நீரோட்டம், கயிறு, படகில் எடை எப்படிப் பரவ வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுக்கு நீங்களும் நானும் கற்றுத்தர முடியாது. அங்கே பயிற்சியாளர் அவர்கள்தான். எந்த வீட்டில் யார் நடக்க முடியாமல் இருக்கிறார் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்காது, அது உங்களிடம் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் உங்கள் வேலை.

அப்படிப் பட்டியல் போடுகிற வழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதே 2015 மழையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு தெருவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். 300 பொட்டலம். வேனைத் தெருமுனையில் நிறுத்தினேன். கதவைத் திறந்த இரண்டாவது நிமிடமே தள்ளுமுள்ளு. பலமுள்ளவர்கள் நாலு, ஐந்து வாங்கினார்கள். ஒரு பாட்டி கீழே விழுந்து முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. எங்கள் குழுப் பையன் ஒருவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான், கூட்டம் அவனைப் பார்த்துக் கத்தியது. பாதியில் கதவைச் சாத்திக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் அந்தத் தெருப் பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர், நாற்பது வயது இருக்கும். "அண்ணே, வண்டிய உள்ள கொண்டாராதீங்க. எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்குத் தயக்கம்தான். இருந்தும் சரி என்றேன். பழைய தினசரிக் காலண்டரைக் கிழித்து, ஒவ்வொரு தாளையும் நாலாக வெட்டி, பின்பக்கத்தில் வீட்டு எண்ணும் ஆள் கணக்கும் எழுதினார். எழுதும்போதே பேசிக்கொண்டிருந்தார்: "இந்த வீட்ல அடுப்பு எரியுது, நாளைக்குப் போதும். இவங்க மாடியில, வயசானவங்க, எறங்க முடியாது, நாமதான் ஏறணும். இது நெறமாசம். இந்த வீட்டுக்காரர் கேக்க மாட்டார், ஆனா பசிதான்." பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சாயங்காலம் பொட்டலம் அவர் வீட்டுத் திண்ணையில் இறங்கியது. சீட்டுக்கு ஏற்றபடி போனது. சத்தம் இல்லை. 11 பொட்டலம் மிச்சமாகி அடுத்த தெருவுக்குப் போனது.

நான் இத்தனை வருடம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த நோட்டை அன்றைக்கு அவரிடம் கொடுத்தேன். அடுத்த வருடம் அவர் மூன்று தெருப் பெண்களுக்கு அந்தச் சீட்டு முறையைச் சொல்லிக் கொடுத்தார். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். "அடுப்பு எரியுதான்னு மொதல்ல பாருங்க. வாயால கேட்டா யாரும் பசிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். எந்தக் கையேட்டிலும் நான் அதைப் படித்ததில்லை.

வகுப்புக்கும் இதே முறைதான். புதிதாக வருகிறவரை முதல் வாரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டாம் வாரம் ஐந்து பிள்ளைகளை அவரிடம் விடுங்கள், நீங்கள் அதே அறையில் இருங்கள். மூன்றாம் வாரம் மொத்த வகுப்பும் அவருக்கு. நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. இது மிகவும் கஷ்டம். அவர் கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதைக் குழப்பிச் சொல்வார். ஒரு பையன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அப்போதும் பேசாதீர்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, இரண்டு பேரும் பாய் சுருட்டும்போது "அந்தக் கழித்தலை இன்னொரு தடவை எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் முன்னால் ஒருவரைத் திருத்தினால் அவர் மறுநாள் வருவது கஷ்டம்.

ஆனால் சில விஷயங்களில் பொறுத்துப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளோடு ஒரு பெரியவர் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்தால் தெருப் பஞ்சாயத்து பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாத் தொண்டரின் போனிலும் இருக்கட்டும். முதல் நாளே இதைச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அதேபோல உடம்புக்கு ஆபத்தான வேலை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த கருங்குழம்பை மனிதர்கள்தான் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அப்போதும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து வாளியால் அள்ளினார்கள். அந்த மாதிரி நேரத்தில் வேகமாக ஓடிவருகிறவன்தான் நல்ல தொண்டன் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆட்களை நடத்துகிறவர் அந்த இடத்தில் "கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் வரட்டும், அதுவரை யாரும் இறங்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளநீரில் இறங்கினாலும் எலிக்காய்ச்சல், திறந்த சாக்கடைக் குழி, மின்கம்பி என்று மூன்று ஆபத்து இருக்கிறது. கையில் கழி இல்லாமல் யாரையும் முன்னால் அனுப்பாதீர்கள். சாக்கடைக் குழிக்குள் எந்தச் சூழலிலும் ஒருவரும் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநகராட்சியின் 1913க்குப் போன் போட்டுக்கொண்டே இருங்கள்.

மழைக்குழுவுக்கு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஒரு நாள் ஒத்திகை வையுங்கள். ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "கரண்ட் இல்லை, கீழே முட்டி அளவு தண்ணீர்" என்று வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெரியவரை நாற்காலியோடு இறக்கிப் பார்த்தால் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி திரும்பாது என்பது தெரியவரும். நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம், போர்வையில் தூக்கப் பழகினோம். டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், என்றைக்குப் போவார், இன்சுலின் எந்த வீட்டில் இருக்கிறது என்பது நோட்டில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வைத்துச் சமாளிக்கலாம் என்பதையும் அந்த வீட்டுக்காரர்களிடம் அப்போதே சொல்லிவிடலாம். மாதம் ஒரு தடவை நோட்டைத் திருத்த வேண்டும். வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. வந்தது, செலவானது இரண்டையும் அன்றன்றைக்கே கரும்பலகையில் எழுதுங்கள், இரண்டு பேர் கையெழுத்தோடு. கட்சிக்காரர்கள் உதவினால் வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்சிலரிடம் மரியாதையாகப் பேசுங்கள். வகுப்புச் சுவரில் எந்த பேனரும் வேண்டாம். வாங்குகிறவர்களை நிற்க வைத்து போட்டோ எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். நம் தெரு ஜனங்களுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

போனவர்களைப் பற்றி மனம் கசந்து எழுதியிருந்தீர்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்திருக்கும், ஒருவர் அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூட இருப்பார். போகிறவர் போகத்தான் செய்வார். ஒவ்வொருவரும் போவதற்கு முன்னால் தனக்குப் பதில் ஒருவரைப் பழக்கிவிட்டுப் போகிற வழக்கத்தை மட்டும் உண்டாக்குங்கள். அந்த 16 பேர் வீட்டுக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்க வேண்டாம். "இந்த ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா" என்று, ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாலு பேராவது சரி என்பார்கள்.

மீதி இருக்கும் ஐந்து பேரில் அதிகம் பேசாத ஒருவர் இருப்பார், ஆனால் பிள்ளைகள் அவர் பக்கத்தில் போய்த்தான் உட்காருவார்கள். யாரென்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் சாவியையும் வருகைப்பதிவு நோட்டையும் அவரிடம் கொடுங்கள். வியாழன் வரை பின்வரிசையில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், போனும் போட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் போய், வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.